தாளம் தவறிய இருதயம்

நம் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்களுக்கு ஒரு சிறு நிகழ்ச்சி நினைவிருக்கலாம். பெண் குழந்தைகளுக்கான ஓட்டப் பந்தயத்தில் ஒரு சிறுமி பாதித் தூரம் ஓடுவதற்குள் நின்றுவிட்டாள். இடுப்பில் கை வைத்துக் குனிந்தாள். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். மற்றக் குழந்தைகள் கயிற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்த பின்னும் அவள் எழவில்லை. யாரோ ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாடிப் பழக்கமே இல்லை" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் உடன் சிரித்தோம். அச்சிறுமி எங்கள் மகள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு இன்றும் எங்கள் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கிறது.

இதை எழுதுவதா, வேண்டாமா என்று நாங்கள் இருவரும் பல இரவுகள் யோசித்ததுண்டு. பெண் குழந்தையைப் பற்றிய செய்தி. நாலு பேர் அறியும்படி அச்சில் ஏற்றலாமா என்ற தயக்கம் எங்களுக்கும் இருந்தது. அந்தத் தயக்கத்தினால் விளைந்த ஒரு சம்பவமே இறுதியில் எங்களை எழுதத் தூண்டியது. அது எது என்பதைப் பின்னால் கூறுவோம். முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் குழந்தைக்குச் சிறு வயது முதலே சளித் தொல்லை அதிகம். மழைக்காலம் வந்தால் மாதம் இருமுறை இருமலும் காய்ச்சலும் வரும். நாக்பூரின் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டிருந்தோம். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவளுக்கு ஒன்பது வயது நடக்கையில், பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "இருதயத்தில் ஒரு சத்தம் இருக்கிறது; எக்கோ எடுத்துப் பாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். எடுத்துப் பார்த்ததில், இருதயத்தின் இரு மேலறைகளுக்கும் இடையே உள்ள சுவரில் ஒரு துவாரம் இருப்பது தெரிந்தது.

மேலறைச் சுவரில் துவாரம் என்பது குழந்தைகளிடம் அபூர்வமன்று. பெரும்பாலும் அது சுவரின் நடுவில் இருக்கும். அவ்விதத் துவாரம் பலவற்றைத் தொடையின் இரத்தக் குழாய் வழியே ஒரு சிறு குடை போன்ற கருவியைச் செலுத்தி, மார்பைத் திறக்காமலே அடைத்துவிடுகிறார்கள். எங்கள் குழந்தைக்கு இருந்ததோ சுவரின் உச்சியில், தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் அசுத்த இரத்தத்தைக் கொண்டுவரும் மேல் பெருஞ்சிரை வலது மேலறைக்குள் நுழையும் வாயிலை ஒட்டி இருந்தது. போதாக்குறைக்கு, வலது நுரையீரலிலிருந்து இடது மேலறைக்குச் செல்ல வேண்டிய ஒரு குழாய், வழி தவறி அந்தப் பெருஞ்சிரையிலேயே வந்து சேர்ந்திருந்தது. 'சைனஸ் வீனோசஸ்' வகைத் துவாரம் என்று இதற்குப் பெயர். மேலறைத் துவாரங்களில் நூற்றுக்குப் பத்துக்கும் உட்பட்டவையே இவ்வகை. இதற்கு ரண சிகிச்சைதான் வழி என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள்.

2022 ஜூன் மாதத்தில், இங்கிருந்து ஓரிரவுப் பயணத் தூரத்தில் உள்ள ஒரு பெருநகரின் ஆஸ்பத்திரியில் குழந்தையைச் சேர்த்தோம். முந்திய நாள் மாலை சர்ஜன் எங்களை அழைத்து, ஒரு காகிதத்தில் இருதயத்தின் படம் வரைந்து விளக்கினார். நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை ஒரு திரை போட்டு இடது பக்கம் திருப்பிவிட வேண்டும், துவாரம் தானே அடைபட்டுவிடும் என்றார். பிறகு சம்மதப் பத்திரத்தை நீட்டினார்கள். இரத்தக் கசிவு, தொற்று, நாடித் துடிப்பில் கோளாறு என்று வரிசையாக அதில் அச்சிட்டிருந்தது. "நாடித் துடிப்பில் கோளாறு என்றால் என்ன?" என்று நாங்கள் கேட்கவில்லை. 'குழந்தை பிழைத்து எழுந்தால் போதும்' என்ற ஒரே எண்ணத்தில் கையெழுத்துப் போட்டோம். எத்தனையோ படிவங்களை நிரப்பிப் பழகிய கை, அன்று ஒரு வரியைப் படித்தும் படிக்காமல் கடந்தது.

ரண சிகிச்சை ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்தது. முடிந்ததும் சர்ஜன் வெளியே வந்து, "துவாரம் நன்றாக அடைபட்டுவிட்டது" என்றார். நாங்கள் அவ்விடத்திலேயே கைகூப்பினோம். மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையைப் பார்க்க விட்டார்கள். அவள் மார்பின் கீழ்ப்பக்கத்திலிருந்து நூல்போன்ற மெல்லிய கம்பிகள் தோலைத் துளைத்து வெளியே வந்திருந்தன. அவை கட்டிலின் ஓரத்தில் தொங்கிய ஒரு சிறிய பெட்டியில் போய்ச் சேர்ந்தன. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் அளவிருந்த அப்பெட்டியில் ஒரு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. "இது எதற்கு?" என்று நர்ஸம்மாளைக் கேட்டோம். "துடிப்பு கொஞ்சம் மெதுவாக இருக்கிறது. சைனஸ் சோம்பிக் கிடக்கிறது. பெட்டி தாங்குகிறது, பயப்படாதீர்கள்" என்றார்.

இங்கே எங்கள் அறியாமையையும் சொல்லிவிட வேண்டும். சைனஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் மூக்கடைப்பு என்றே எண்ணினோம். 'சளி பிடித்த குழந்தைதானே, மூக்கிலும் ஏதோ அடைப்பு இருக்கிறது போலும்' என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் பாட்டிக்கும் அப்படியே சொன்னோம். பாட்டி, "மிளகு ரசம் வைத்துக் கொடுங்கள்" என்றார். இரண்டு நாள் கழித்துத்தான், ஓர் இளம் டாக்டர் எங்கள் அருகில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துரைத்த பிறகு, விஷயம் விளங்கிற்று.

இருதயம் துடிப்பதற்கு மூளையின் கட்டளை வேண்டியதில்லை. அதற்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. மேல் பெருஞ்சிரையும் வலது மேலறையும் சந்திக்கும் இடத்தில், மேல் தோலுக்குச் சற்றே அடியில், ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமும் சில மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு திசுக் கணு அது. கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். அதற்குத்தான் சைனஸ் கணு என்று பெயர்; மூக்குக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அக்கணு விடுக்கும் மின் துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள மற்றொரு கணுவை அடைந்து, அங்கே ஒரு கணம் தாமதித்துக் கீழறைகளுக்கு இறங்குகிறது. வளர்ந்தவர்கள் ஓய்வாக இருக்கையில் நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை இது நிகழ்கிறது. ஓடினால், பயந்தால், காய்ச்சல் வந்தால், உடலின் தேவையறிந்து துடிப்பை ஏற்றுவதும் தூங்கினால் இறக்குவதும் இக்கணுவின் வேலையே.

மேல் கணு மௌனமாகிவிட்டால் இருதயம் உடனே நின்றுவிடுவதில்லை என்பதுதான் இயற்கையின் கருணை. நடுக் கணுவை ஒட்டிய பகுதி பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதன் வேகம் குறைவு. வளர்ந்தவர்களில் நிமிஷத்துக்கு 40 முதல் 60 வரையே வரும். உடலின் தேவைக்கேற்ப வேகத்தை ஏற்றவும் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. இத்தகைய துடிப்பை டாக்டர்கள் 'ஜங்ஷனல் ரிதம்' என்கிறார்கள். ஜங்ஷன் என்ற சொல் எங்களுக்குப் பழகிய சொல். கண்ட்ரோல் ஆபீஸிலிருந்து தகவல் வராத நேரத்தில், இடைப்பட்ட ஜங்ஷன் தன் பொறுப்பில் வண்டிகளை ஒவ்வொன்றாக மெதுவாக அனுப்பிக்கொண்டிருப்பதைப் போல என்று நாங்கள் புரிந்துகொண்டோம். வண்டி ஓடும், ஆனால் கூட்டம் கூடினால் கூடுதல் வண்டி விட முடியாது.

இந்தக் கணு இருப்பதே மனிதனுக்கு வெகு காலம் தெரியாது. 1906-ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தில் கென்ட் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் ஆர்தர் கீத் என்ற உடற்கூற்று அறிஞரின் வீட்டில், மார்ட்டின் பிளாக் என்ற வைத்திய மாணவர் மண்ணைத் தோண்டி வாழும் அகழெலி ஒன்றின் இருதயத்தைப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். கீத் தம் மனைவியுடன் சைக்கிளில் வெளியே போய்த் திரும்பியபோது, வலது மேலறையில் தாம் கண்ட விந்தையான அமைப்பை மாணவர் காட்டினார். அடுத்த ஆண்டு, 1907-இல், இருவரும் அதை உலகுக்கு வெளியிட்டார்கள். இருதயத்தின் துடிப்பு தொடங்கும் இடம் அதுவே என்பதைத் தாமஸ் லூயிஸ் என்பவர் 1910-இல் நிரூபித்தார். கோடானுகோடி மனிதர் வாழ்ந்து மறைந்த பிறகே, அவர்களை வாழ வைத்த கடிகாரம் ஓர் அகழெலியின் நெஞ்சில் கண்டுபிடிக்கப்பட்டது!

அது எங்ஙனம் அடிபட்டது என்று கேட்பீர்கள். எங்கள் குழந்தையின் துவாரம் இருந்த இடமும் கணு இருக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. அவ்விடத்தில் கத்தி படலாம், தையல் இறுகலாம், இருதயத்துக்கு ஓய்வு கொடுத்து இரத்தத்தை இயந்திரத்தின் வழியே ஓட விடும்போது பெருஞ்சிரையில் செருகும் குழாய் நசுக்கலாம், கணுவுக்கு இரத்தம் கொண்டுவரும் சிறிய தமனி அறுபடலாம். அத்தமனி எல்லாருக்கும் ஒரே வழியில் வருவதில்லை என்பது இன்னொரு சங்கடம். பத்தில் ஆறு பேருக்கு வலது இருதயத் தமனியிலிருந்தும், பெரும்பாலான மற்றவர்களுக்கு இடது பக்கத்திலிருந்தும் அது கிளைத்து வருகிறது. எந்தச் சர்ஜனும் வேண்டுமென்று அதைத் தொடுவதில்லை. பெருஞ்சிரையின் வாயிலைக் கீறாமல், சிரையையே மேலே துண்டித்து மேலறையின் வேறோர் இடத்தில் இணைக்கும் முறை ஒன்றை வார்டன் என்ற அமெரிக்க சர்ஜன் 1984-இல் தம் குழுவினருடன் வெளியிட்டதற்கும் இக்கணுவைக் காப்பது ஒரு முக்கியக் காரணம். எனினும் எம்முறையிலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாதாம்.

அடிபட்ட கணு எப்போதும் மடிந்துபோவதில்லை. வெறும் வீக்கமாக இருந்தால் சில நாட்களிலோ வாரங்களிலோ அது மீண்டுவிடுவதுண்டு. அதற்காகத்தான் தற்காலிகக் கம்பிகளை வைத்துக் காத்திருக்கிறார்கள். எங்கள் குழந்தைக்கும் ஐந்தாம் நாள் பெட்டியை நிறுத்திப் பார்த்தபோது, இருதயம் நிமிஷத்துக்கு எழுபது முறை தானாகவே துடித்தது. கம்பிகளை உருவினார்கள். "சில நேரங்களில் சைனஸ் துடிப்பு, சில நேரங்களில் ஜங்ஷன் துடிப்பு என்று மாறி மாறி வருகிறது. இது தேறலாம், தேறாமலும் போகலாம். ஆண்டுதோறும் தவறாமல் காட்டுங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். 'தேறாமலும் போகலாம்' என்ற சொற்கள் எங்கள் காதில் விழுந்தன. மனத்தில் தங்கவில்லை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் குழந்தைக்குச் சளி வரவில்லை, எடை கூடியது, முகம் தெளிந்தது. எக்கோவில் துவாரம் இல்லை. 'குணமாயிற்று' என்று நாங்கள் தீர்மானித்துவிட்டோம். 2023 ஜூன் மாதம் மீண்டும் போய்க் காட்ட வேண்டிய சமயத்தில் கும்பகோணத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம் வந்தது. எடுத்த லீவு அதற்கே சரியாகப் போயிற்று. 'பிறகு போகலாம்' என்று தள்ளினோம். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. இதில் நாங்கள் வேறு எவரையும் குறை கூறுவதற்கில்லை.

குழந்தை மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வந்தாள். இரண்டாம் மாடியிலிருக்கும் வகுப்புக்கு ஏறும்போது நடுவில் நிற்கிறாள் என்று ஆசிரியை சொன்னார். மாலையில் விளையாடப் போகாமல் ஜன்னலருகே உட்கார்ந்து படம் வரைந்தாள். 'அடக்கமான பெண்' என்று அக்கம்பக்கத்தார் புகழ்ந்தார்கள், நாங்கள் பெருமைப்பட்டோம். காலையில் எழுப்பினால் எழமாட்டாள். தட்டில் வைத்த இட்டிலியை வெறித்துக்கொண்டிருப்பாள். "சோம்பேறி" என்று ஏசினோம். ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது, "அப்பா, கால் நகரமாட்டேன் என்கிறது" என்றாள். "நடந்தால்தான் நகரும்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தோம். கடிகாரமே ஓடாத இருதயத்தைக் கொண்டு அக்குழந்தை எங்கள் நடைக்கு ஈடுகொடுக்க முயன்றிருக்கிறாள் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

பந்தயத்தன்று இரவு குழந்தை தூங்கியபின், அவளுடைய தாய் ஏதோ தோன்றி, மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணினாள். ஒரு நிமிஷத்தில் நாற்பத்திரண்டு. தவறு என்று நினைத்து மறுபடி எண்ணினோம். நாற்பத்தொன்று. இடையிடையே விரலுக்கடியில் ஒன்றுமே வராத ஓர் இடைவெளியும் இருந்தது. அந்த இடைவெளியில் நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடியும் வரை மாறி மாறி அக்கையை விடவில்லை.

மறுநாளே இங்குள்ள டாக்டரிடம் ஓடினோம். ஈ.ஸி.ஜி. காகிதத்தில், ஒவ்வொரு பெரிய முனைக்கும் முன்னால் சைனஸ் கணுவின் அடையாளமாக வர வேண்டிய சிறு மேடு காணப்படவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் அந்தப் பெருநகருக்குப் போனோம். இருபத்துநான்கு மணி நேரம் மார்பில் கட்டிக்கொள்ளும் 'ஹோல்டர்' என்ற கருவி, இரவில் மூன்று விநாடிக்கு மேற்பட்ட இடைவெளிகள் சிலவற்றைப் பதிவு செய்திருந்தது. ஓடும் பட்டையில் நடக்க வைத்துச் சோதித்தார்கள். அவள் வயதுக் குழந்தைக்கு நிமிஷத்துக்கு 180-க்கு மேல் ஏற வேண்டிய துடிப்பு, 96-உடன் நின்றுவிட்டது. அதற்குமேல் அவளால் முடியவில்லை. "இவள் சோம்பேறி இல்லை" என்றார் டாக்டர். நாங்கள் அவரிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. வீட்டில் நடந்ததைக் குழந்தைதான் சொல்லியிருக்கிறாள்.

இதைக் குணப்படுத்த மருந்து உண்டா என்று கேட்டோம். நீடித்துப் பலன் தரும் மாத்திரை எதுவும் இல்லை என்றார். தொந்தரவு ஒன்றுமில்லாமல் நாடி மட்டும் மெதுவாக இருந்தால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். இக்குழந்தைக்குத் தொந்தரவு இருக்கிறது, காரணமும் தெளிவாக இருக்கிறது, எனவே நிரந்தர பேஸ்மேக்கர் வைப்பதுதான் முறை என்றார். 'சர்ஜன் செய்த தவறா இது?' என்ற கேள்வி எங்கள் தொண்டை வரை வந்தது. அவரே அதை உணர்ந்தவர்போல, "துவாரத்தை மூடாதிருந்தால் நாளடைவில் இருதயமும் நுரையீரலும் கெட்டிருக்கும். அவள் உயிருக்கு நன்மை செய்த கைதான் கணுவையும் தொட்டிருக்கிறது. இரண்டும் உண்மை" என்றார். ஒன்றை நன்றியோடும் மற்றொன்றைப் பொறுமையோடும் ஏற்றுக்கொள்ள எங்களுக்குப் பல நாட்கள் தேவைப்பட்டன.

இவ்விடத்தில் ஒரு பழைய வரலாறு எங்களுக்கு ஆறுதல் அளித்தது. 1957 அக்டோபர் 31-ஆம் நாள் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் மின்சாரம் தடைப்பட்டது. அக்காலத்தில் இருதயத்தைத் துடிக்கவைக்கும் கருவி சுவரிலுள்ள மின் இணைப்பை நம்பியிருந்தது; மின்தடையில் ஒரு குழந்தை இறந்துபோயிற்று. வால்டன் லில்லஹை என்ற சர்ஜன், கருவிகளைப் பழுதுபார்க்க வந்துபோகும் எர்ல் பாக்கன் என்ற பொறியாளரிடம் மாற்றுவழி கேட்டார். சங்கீதம் பயில்வோருக்குத் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியின் அமைப்பை ஒரு பத்திரிகையில் பார்த்திருந்த பாக்கன், அதைத் தழுவி, உடலில் மாட்டிக்கொள்ளத்தக்க பாட்டரிப் பெட்டியைச் சில வாரங்களில் செய்து கொடுத்தார். எங்கள் குழந்தையின் கட்டிலில் தொங்கிய பெட்டி அதன் வழிவந்ததே. உலகமெங்கும் எத்தனையோ குழந்தைகளைக் காத்த கருவி, ஒரு தாளக் கருவியின் பிள்ளை!

உடலுக்குள்ளேயே வைக்கும் பேஸ்மேக்கரை 1958 அக்டோபர் 8-ஆம் நாள் ஸ்வீடன் நாட்டில் ஓகே சென்னிங் என்ற சர்ஜன் முதன்முதலாகப் பொருத்தினார். ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் அதை வடிவமைத்தார். முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆயினும் அதைப் பெற்ற ஆர்னே லார்சன், அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளைத் தாங்கி 2001 வரை, 86 வயது வரை, வாழ்ந்தார். விந்தை என்னவெனில், பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்காக அதே சென்னிங் 1959-இல் வெளியிட்ட ரண சிகிச்சை முறை மேலறைகளில் பல தையல்களைப் போடும் முறையாகும். அதனால் பிழைத்த குழந்தைகள் பலருக்குப் பிற்காலத்தில் சைனஸ் கணு தளர்ந்தது. அவர்களில் சிலருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. ஒரு கையால் உயிர் கொடுத்தவர், அதன் குறையைத் தீர்க்கும் கருவியையும் மறு கையால் கொடுத்திருக்கிறார்.

2024 மார்ச் மாதத்தில் எங்கள் மகளுக்கு இடது காறை எலும்புக்குக் கீழே கருவியை வைத்தார்கள். ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றே அகலம். அதைக் காட்டிலும் மெலிவு. முப்பது கிராமுக்கும் குறைவான எடை. ஆறு வாரம் இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார்கள். உடல் அசைவதை அறிந்து துடிப்பை ஏற்றும் நுட்பமும் அதில் உண்டு. மூன்றாம் நாள் வராந்தாவில் நடக்க விட்டோம். கோடிவரை போய்த் திரும்பியவள், எங்களைக் கேட்காமலே இன்னொரு முறை போய் வந்தாள். அன்று எங்கள் கண்களில் நீர் நிற்கவில்லை.

இனி, முன்பு சொன்ன சம்பவத்துக்கு வருகிறோம். செய்தி ஊரை எட்டியதும், குழந்தையின் பெரியம்மா தொலைபேசியில், "வெளியே மூச்சு விடாதீர்கள். பெண் குழந்தை. நாளைக்கு ஒரு நல்லது நடக்க வேண்டாமா?" என்றார். அவர் அன்பினால் சொன்னார். அவர் சொல்லும் முன்பே அந்த அச்சம் எங்கள் மனத்திலும் இருந்தது. எனவே குழந்தையிடம், "நெஞ்சில் இருப்பதைப் பற்றி யாரிடமும் சொல்லாதே" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தோம். கழுத்து மூடிய சட்டைகளாகத் தைத்தோம்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு பெரிய கோயிலுக்குப் போயிருந்தோம். வாயிலில் பெண் காவலர் கையிலுள்ள சோதனைக் கருவியால் வருவோரைத் தடவிப் பார்த்தார். எங்கள் மகளின் மார்பருகே அது ஒலித்தது. அவர் சந்தேகப்பட்டு அதே இடத்தில் மூன்று நான்கு தடவை கருவியைப் பிடித்தார். "என்ன வைத்திருக்கிறாய்?" என்று அதட்டினார். குழந்தை விறைத்து நின்றாள், வாய் திறக்கவில்லை. கண்கள் மட்டும் கூட்டத்தில் எங்களைத் தேடின. நாங்கள் ஓடிச் சென்று விஷயத்தைச் சொல்லி அழைத்து வந்தோம். "ஏன் அம்மா நீயே சொல்லவில்லை?" என்று கேட்டதற்கு, "நீங்கள்தானே யாரிடமும் சொல்லக் கூடாது என்றீர்கள்" என்றாள்.

அவளுக்குத் தீங்கொன்றும் நேரவில்லை. வாயிற்படி போன்ற சோதனைச் சட்டத்தில் நிற்காமல் கடந்துவிட்டால் கெடுதல் இல்லை. கையிலுள்ள கருவியை மட்டும் பேஸ்மேக்கரின் மேலேயே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி தந்த அடையாள அட்டையைக் காட்டினால் போதும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அந்தப் பார்வை எங்களைச் சுட்டது. ஆபத்தில் வாய் திறக்க வேண்டிய குழந்தையின் வாயை நாங்களே பூட்டியிருந்தோம். அன்று இரவே, "யார் கேட்டாலும் சொல், கேட்காவிட்டாலும் வேண்டிய இடத்தில் சொல்" என்று அவளிடம் கூறினோம். இன்று எங்கள் பங்குக்கு நாங்களும் சொல்லிவிட்டோம். பேஸ்மேக்கர் தாங்கிய பெண்கள் கல்யாணம் செய்துகொண்டு, டாக்டரின் கண்காணிப்பில் பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். இதை அறிந்தபின்னும் ஒதுங்கும் குடும்பம், எங்களுக்கு ஏற்ற சம்பந்தம் அன்று.

எங்கள் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகளை மட்டும் அன்பர்கள் முன் வைக்கிறோம். இருதயத்தில் ரண சிகிச்சை என்றால், சம்மதப் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், "நாடிக் கடிகாரம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலா கை வைக்கப் போகிறீர்கள்?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். 'துவாரம் அடைபட்டது' என்பதும் 'துடிப்பு சரியாக இருக்கிறது' என்பதும் வெவ்வேறு செய்திகள். எக்கோ நன்றாக இருந்தால் மட்டும் போதாது. வருஷாந்தரப் பரிசோதனையைக் கல்யாணத்துக்காகவும் தள்ளாதீர்கள். கணு பல ஆண்டுகள் கழித்தும் தளரக்கூடும். நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு விரலும் ஒரு கடிகாரமும் போதும். காரணமில்லாத களைப்பு, தலைசுற்றல், மயக்கம், படியேறும்போது நிற்பது இவற்றைக் குணக்கேடு என்று ஏசாமல் டாக்டரிடம் கொண்டு செல்லுங்கள்.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள் கைப்பேசியைச் சட்டையின் இடப்பையில் வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். காந்த அடுப்பு என்கிற இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி விலகி நிற்பது நல்லது. எம்.ஆர்.ஐ. படம் எடுக்குமுன் கட்டாயம் சொல்ல வேண்டும். பாட்டரி சில ஆண்டுகளில், பெரும்பாலும் ஏழு முதல் பன்னிரண்டுக்குள், தீரும். அப்போது கருவியை மாற்ற வேண்டியிருக்கும். எங்கள் மகள் வாழ்நாளில் பல முறை அதைக் காண்பாள். அது எங்களுக்குக் கவலைதான். ஆனால் கவலைக்கு இப்போது தேதி தெரியும்.

2025-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில் அவள் மறுபடியும் ஓடினாள். நாங்கள் வேண்டாம் என்றோம். டாக்டர் போகலாம் என்றார். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்தாள். ஆனால் கயிற்றைத் தொட்டாள். தொட்ட பின்னும் நின்றுகொண்டிருந்தாள். அவள் மூச்சு வாங்கச் சிரித்தபோது நாங்களும் சிரித்தோம். சென்ற ஆண்டுச் சிரிப்புக்கு அதுவே எங்கள் பிராயச்சித்தம்.

நம் சங்கக் குடும்பங்களில் எவருக்கேனும் இத்தகைய கஷ்டம் நேருமாயின், தயங்காது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நாங்கள் டாக்டர்கள் அல்லர். ஆனால் அந்த வராந்தாக்களில் காத்திருந்தவர்கள். மணிக்கட்டில் எந்த இடத்தில் விரல் வைத்து நாடி பார்ப்பது என்பதை எங்கள் மகளே உங்களுக்குக் காட்டித் தருவாள்.